அடியில்லாத பெட்டி

தோட்டத்துப் பெரிய தொரையின் பாய்ப்படகை நானும் அக்காவும் வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் கழுவினோம். அந்த இரண்டு நாளைக்கும் எனக்குக் கூலி கிடையாது. ஆனால் சனிக்கிழமை தொரை வந்து பார்த்து, படகு அவர் மனதுக்குப் பிடித்தபடி இருந்தால், திங்கட்கிழமை பெரட்டில் என் பேரைக் கூப்பிடுவதாக, ஆட்களை வேலை வாங்குகிற கண்டாக்கையா சொல்லியிருந்தார்.

விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தும் பெரட்டில் பேர் கூப்பிட்டால், தோட்டத்து ஆள்கணக்குப் பதிவான செக்ரோலில் பேர் விழுந்துவிட்டது என்று பொருள். தோட்டத்தில் ஆளுக்கு அதுதான் அடையாளம். பேர் இருந்தால் அரிசி, பேர் இருந்தால் லயத்து வரிசைவீட்டில் இடம். நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தையும், பதினாலு வயதில் தோட்டத்தையும் விட்டு ஓடினவன். பட்டிப்பொல ஸ்டேஷனில் மரக்கறி மூட்டை ஏற்றினேன். கண்டியில் சாப்பாட்டுக் கடையில் எச்சில் தட்டுக் கழுவினேன். ஒன்பது வருஷம் கழித்து லிந்துலைப் பக்கம் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது என் பேர் எப்போதோ வெட்டப்பட்டிருந்தது. பிரஜாவுரிமை மனுக்களை விசாரித்துக்கொண்டிருந்த காலம் அது. பஸ்ஸை மறித்து ஏறுகிற போலீஸ்காரர் முதலில் கேட்பது, எந்தத் தோட்டம், பேர் உண்டா என்பதைத்தான். இல்லை என்றால் கள்ளத்தோணி, இந்தியாவிலிருந்து களவாகப் படகேறி வந்தவன். இந்த மலையிலேயே பிறந்து கடலை ஒரு தரம்கூடப் பார்க்காதவனுக்கும் அதே வசவுதான்.

நான் கடலை முதன்முதலாகப் பார்த்தது இந்தப் படகை எடுத்துவரப் போனபோது.

திருகோணமலையில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் தன் ஊருக்குத் திரும்பும்போது படகைத் தொரைக்குக் கொடுத்துவிட்டார். அதை நுவரெலியா குளத்தில் ஓட்ட வேண்டும் என்பது தொரையின் ஆசை. தோட்டத்துக்கு விறகும் உரமும் ஏற்றுகிற, எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் டிரைவரின் லாரியை அமர்த்தினார்கள். லாரி அவருடைய சொந்த லாரி. அதன் பின்னால் இரண்டு சக்கர ட்ரெய்லரில் படகு வரும். கயிறு தளர்ந்தால் சத்தம் போடவும், மேட்டில் வண்டி பின்வாங்கினால் சக்கரத்துக்குக் கல் வைக்கவும் ஒரு ஆள் வேண்டும். கண்டாக்கையா என்னைக் காட்டினார்.

"இவன் போகட்டும். பேர் இல்லாதவன் போனா மலையில வேலைக்கு ஒரு ஆள் குறையப்போறதில்ல."

இரண்டு நாள் பயணம். திரும்பும்போது நான் படகுக்குள்ளேயே உட்கார்ந்து வந்தேன். தம்புள்ளை வரைக்கும் கண்ணைத் திறக்க முடியாத தூசி. கம்பளையில் நானா லாரியை ஒரு சந்துக்குள் நிறுத்தினார். "தம்பி, போய் டீ குடிச்சிட்டு எனக்கும் ஒரு போத்தல்ல வாங்கிட்டு வாங்க. அவசரமில்ல" என்றார். அந்த அவசரமில்ல என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாளாக அவசரத்தைத் தவிர வேறெதையும் பேசாத மனிதர். நான் திரும்பும்போது அவர் படகிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு ஆள் தோளில் சாக்குமூட்டையோடு சந்தின் கோடியில் மறைந்தான். டீப் போத்தலை நீட்டினேன். அவர் குடித்துவிட்டு லாரியைக் கிளப்பினார்.

ரம்பொடை வளைவுகளில் மழை பிடித்தது. ஒரு வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியதில் லாரியின் பின்சக்கரம் ஓரத்துச் சேற்றில் இறங்கி வீணாய்ச் சுற்றியது. கல் வைத்தேன், கல் புதைந்தது. படகுக்குள் கிடந்த சாமான்களிலிருந்து ஒரு பலகையை இழுத்துப் போட்டேன். சக்கரம் பிடித்தது. அந்த மேட்டில் நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று நானா நிறுத்தவே இல்லை. நான் ஓடிவந்து ட்ரெய்லரைப் பிடித்துத் தொற்றினேன். முழங்கால் தோல் போயிற்று. புதன்கிழமை மாலை, தேயிலை ஃபெக்டரிக்குப் பக்கத்தில், சனங்கள் தண்ணீர் எடுக்கிற பீலியடியில் படகை விட்டுவிட்டு நானா வீட்டுக்குப் போனார்.

மறுநாள் வெளிச்சத்தில்தான் படகை முழுதாகப் பார்த்தேன். கீழே திருகோணமலை உப்பு, அதன்மேல் தம்புள்ளைச் செம்மண், அதற்கும்மேல் ரம்பொடைச் சேறு. வழியில் அடிபட்ட பூச்சியெல்லாம் முன்பக்கத்தில் ஒட்டிக் காய்ந்திருந்தது. தார்ப் பொட்டுகள் வேறு. தொரை காரியம் என்பதால் கண்டாக்கையா அக்காவைக் கொழுந்து பறிக்க அனுப்பாமல் என்னோடு விட்டார். தும்பு பிரஷ், சவர்க்காரம், அடுப்புச் சாம்பல், தாருக்கு மண்ணெண்ணெய். வெள்ளைப் பூச்சு கீறிவிடும் என்று சாம்பலை உள்பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

தண்ணீருக்கு வந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டு நின்று பார்த்தார்கள்.

"என்னாடி, ஒந் தம்பி ஒம்பது வருசமா சம்பாரிச்சது இந்தக் கப்பல்தானா?" என்றாள் ஒருத்தி.

"ஆமா. மொதல்ல ஒன்னையும் ஒம் புருசனையும் ஏத்தி அக்கரைக்கு அனுப்பத்தான் கழுவிக்கிட்டு இருக்கோம்" என்றாள் அக்கா, தலையைத் தூக்காமல்.

பாயை ஃபெக்டரிக்கு முன்னாலிருந்த புல்தரையில் விரித்து, கரும்புள்ளி விழுந்த இடங்களை எலுமிச்சங்காய் தேய்த்து வெயிலில் விட்டேன். படகின் முன்பக்கத்தில் மேலே பலகை மூடிய ஒரு பொந்து இருந்தது. அதற்குள் கைவிட்டுத் துடைத்தபோது மீன்செதிள் ஒட்டிக்கொண்டு வந்தது. "கடல்ல கெடந்தது மீன் வாடை அடிக்காம மல்லிகைப்பூவா மணக்கும்?" என்றாள் அக்கா. நான் கம்பளைச் சந்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

படகின் நடுவில், தரையிலிருந்து நெட்டாக, ஒடுக்கமான ஒரு பெட்டி நின்றது. நீளம் ஒரு முழத்துக்குமேல், அகலம் நாலு விரல்கூட இல்லை. வாயைத் தார்ச்சீலையால் மூடிக் கட்டியிருந்தது. வழியெல்லாம் நான் அதில்தான் சாய்ந்துகொண்டு வந்தேன். கழுவுவதற்காகச் சீலையை அவிழ்த்தேன். அப்போது அக்கா ட்ரெய்லருக்கு அடியில் படுத்துக்கொண்டு வயிற்றுப்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய், வானம் தெரியுதுடா" என்றாள்.

குனிந்து பார்த்தேன். படகின் அடியில் நீளமாக ஒரு வெட்டு. அதன் வழியே பெட்டி, பெட்டி வழியே மேகம். பெட்டிக்கு அடியே இல்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா தன் புருஷனைக் கூட்டிவந்தாள். மச்சான் ஃபெக்டரியில் தேயிலைப் பெட்டி அடிக்கிறவர். அவர் மல்லாந்து படுத்து, வெட்டின் ஓரங்களை விரலால் தடவினார். வெளியே வந்ததும் தாழ்ந்த குரலில் பேசினார்.

"இருவது வருசமா பெட்டி அடிக்கிறேன். அடி இல்லாத பெட்டிய ஒருத்தனும் செய்யமாட்டான். அடிய எவனோ எடுத்திருக்கான். அதுவும் மொரட்டுத்தனமா பேத்தெடுக்கல. ஓரம் பாரு, எழைச்ச மாதிரி இருக்கு. கைதேர்ந்தவன் வேல."

"எதுக்கு மச்சான்?"

"உள்ள இருந்தத எடுக்க. மேல கட்டின கட்டு கலையாம இருந்திச்சில்ல? அப்ப கீழாலதான் எடுத்திருக்கான்."

எனக்கு எல்லாம் பொருந்திப் போயிற்று. திருகோணமலையிலிருந்து யாரோ எதையோ ஒளித்து அனுப்பியிருக்கிறார்கள். கம்பளைச் சந்தில் நானா அதை எடுத்துக் கைமாற்றிவிட்டார். அவசரமில்ல.

"கண்டாக்கையாகிட்ட சொல்லிருவோம்" என்றேன்.

"சொல்லு. மொதல்ல யாரப் புடிச்சுக் கேப்பாங்க? படகுக்குள்ளயே ஒக்காந்து வந்தவனத்தான்" என்றாள் அக்கா. "போலீசு வந்து ஒம் பேரு எங்கடான்னு கேட்டா எதக் காட்டுவ?"

மச்சான் அன்று வேலை விட்டதும் தன் சாமான்களோடு வந்தார். கழித்துப்போட்ட பெட்டியிலிருந்து ஒரு ஒட்டுப்பலகை, தேயிலை நமுத்துப்போகாமல் உள்ளே விரிக்கிற ஈயத்தாள், ஓரத்துக்கு அடிக்கிற தகரப் பட்டி, சின்ன ஆணி. வெட்டின்மேல் ஈயத்தாளை இரண்டு மடிப்பு வைத்து, பலகையை வைத்து, சுற்றிலும் பட்டி அடித்து, ஓரமெல்லாம் தார் பூசினார். வெள்ளைப் பெயிண்ட் கிடைக்கவில்லை. ஆனால் வேலை அழகாக இருந்தது. தேயிலை லண்டன் வரைக்கும் போகும் அளவுக்கு இறுக்கமாக இருந்தது. "சொட்டுத் தண்ணி ஏறாது" என்றார்.

வெள்ளிக்கிழமை நானா வந்தார். லாரியை ரோட்டில் விட்டுவிட்டு நடந்து வந்தது எனக்கு உறுத்தியது. படகைச் சுற்றிப் பார்த்தவர், முன்பக்கத்துப் பொந்துக்குள் கையை விட்டுத் துழாவினார்.

"என்னா தேடுறீங்க நானா?"

"ஒண்ணுமில்ல தம்பி. சும்மா. நல்லாக் கழுவியாச்சா?"

"ஒரு செதிள்கூட இல்லாம."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நடுப்பெட்டியின் சீலையைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். உள்ளே இருட்டு. "இது இப்பிடியா இருந்திச்சு?" என்றார்.

"அப்பிடித்தான் இருந்துச்சு."

"ம்" என்றார். அந்த ம்முக்கு அர்த்தம் கண்டுபிடிக்க நான் அன்று முழுவதும் மெனக்கெட்டேன். அவர் எங்களைச் சந்தேகப்படுகிறார் என்று மட்டும் புரிந்தது. திருடினவன் மற்றவனைச் சந்தேகப்படுவது இயல்புதானே என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை தொரை வந்தார். கண்டாக்கையா, நானா, மச்சான், அக்கா, நான் எல்லோரும் நின்றோம். தொரை விரலால் படகின் ஓரத்தைத் தடவி விரலைப் பார்த்தார். சுத்தம். பாயை முகர்ந்து பார்த்தார். "நல்லது" என்று தமிழிலேயே சொன்னார். கண்டாக்கையா என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். திங்கட்கிழமை பெரட்டு எனக்குக் கண்ணில் தெரிந்தது.

அப்புறம் தொரை குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

மச்சான் பலகையின் நல்ல பக்கத்தை ஈயத்தாளோடு உள்ளே வைத்துவிட்டு, அச்சு விழுந்த பக்கத்தை வெளியே வைத்திருந்தார். எங்கள் தோட்டத்தின் மார்க்கும், அதற்குக் கீழே பி.ஓ.பி. என்ற தேயிலை ரகத்தின் கறுப்பு எழுத்தும் தொரையின் படகுக்கு அடியில் தெளிவாக இருந்தன.

"இது என்னா?" என்றார் தொரை. "பெட்டியில் என்னா? தேயிலையா?"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஃபெக்டரிக்குப் பக்கத்தில் நிற்கிற படகு. நாளைக்குத் தோட்டத்தை விட்டு வெளியே போகப்போகிறது. அதில் ஈயத்தாள் வைத்து மூடிய ஒரு ரகசியப் பெட்டி. தோட்டத்தில் தேயிலை திருடுவதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

"ஒடை" என்றார் தொரை.

மச்சான் தன் வேலையைத் தானே பிய்த்தார். ஆணி கழற்றக் கழற்றத் தார் இழுத்துக்கொண்டு வந்தது. பலகை விழுந்தது. உள்ளிருந்து, படகு கழுவின அழுக்குத்தண்ணீர் ஒரு கையளவு கொட்டியது. வேறொன்றும் இல்லை.

"அடி இல்லாம இருந்துச்சுங்க தொரை. எவனோ திருட்டுப்பய எடுத்துட்டான். அதான் போட்டேன்" என்றார் மச்சான்.

தொரை கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுகிறவரைப் போல மெதுவாக விளக்கினார். அந்தப் பெட்டிக்கு அடி கிடையாது. மேலிருந்து ஒரு பலகையை அதன் வழியே தண்ணீருக்குள் இறக்க வேண்டும். அது இல்லாவிட்டால் காற்றில் படகு பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்விடும்.

"அப்ப தண்ணி ஏறாதுங்களா?" என்றார் மச்சான்.

"பெட்டியில் ஏறும். படகில் ஏறாது."

மச்சான் கடைசிவரை அதை நம்பவில்லை.

"சரி. அந்தப் பலகை எங்கே?" என்றார் தொரை.

கண்டாக்கையா என்னைப் பார்த்தார். "படகுல ஒக்காந்து வந்தவன் நீதானடா?"

எனக்கு அப்போது பேரைத் தவிர வேறு நினைப்பில்லை. "கம்பளையில ஒரு சாக்கு எறங்கிச்சுங்க தொரை. என்னைய டீக்கு அனுப்பிட்டு எறக்கினாரு" என்று நானாவைக் காட்டினேன்.

நானாவின் முகம் கறுத்தது. "கருவாடு தொரை. திருகோணமலைக் கருவாடு. மாமி வீட்டுக்கு. படகுல கருவாடு வச்சா நீங்க ஏசுவீங்கன்னு செல்லல. பலகைய நான் கண்ணாலயும் காணல."

"கருவாட்டை ஒளிச்சவன் பலகையையும் ஒளிப்பான்" என்றார் தொரை. அந்தப் பலகை இவ்வளவு நீளம் என்று கையை விரித்துக் காட்டினார். ஒரு பக்கம் உருண்டிருக்கும் என்றார். தலைப்பக்கம் ஒரு துளை, அதில் பிடிக்க ஒரு கயிற்று வளையம்.

கயிற்று வளையம் என்றதும் என் வலது கை தானாக மூடிக்கொண்டது. ரம்பொடை மழையில் அந்த வளையத்தைப் பிடித்துத்தான் பலகையை இழுத்தேன். கை அதை மறக்கவில்லை. நான்தான் மறந்துவிட்டேன். மலைநாட்டானுக்குச் சக்கரத்தின் அடியில் வைக்கிற பலகை வெறும் பலகைதான்.

நான் வாய் திறக்கவில்லை. தொரை நானாவிடம், "நாளைக்குப் படகைக் குளத்தில் இறக்கு. அதுக்குப் பிறகு இந்தத் தோட்டத்துச் சாமான் உன் லாரியில் ஏறாது" என்று சொல்லிவிட்டுப் போனார். நானா என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று மத்தியானமே நானுஓயாவுக்கு நடந்து, பஸ் பிடித்து, நுவரெலியா போய், அங்கிருந்து ரம்பொடைக்கு இறங்கினேன். அந்த வளைவில் பலகை இல்லை. சேற்றில் சக்கரத்தடம்கூடக் காய்ந்துபோயிருந்தது. இரண்டு வளைவு கீழே ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்கு முன்னால் மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குக் குறுக்கே, ஆட்கள் மிதித்து ஏறுவதற்காகப் பலகையைப் போட்டிருந்தார்கள். வளையம்கூட அப்படியே இருந்தது.

கடைக்காரருக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. "தொரையோட பலகையா? தொரை ஏன் ரோட்டுல போட்டாரு?" என்றார்.

"நான் போட்டேன்."

"நீ ஏன் தொரையோட பலகைய ரோட்டுல போட்ட?"

பதில் சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்யாகக் கேட்டது. கடைசியில், கானுக்கு வேறு பாலம் போட்டுக் கொடுத்துவிட்டு எடுத்துப்போ என்றார். அங்கேயே படுத்து, விடிந்ததும் விழுந்து கிடந்த ஒரு சவுக்குமரத் துண்டை உருட்டிவந்து, கத்தி இரவல் வாங்கிச் செதுக்கி, கல் முட்டுக் கொடுத்து வைத்தேன். கடைக்காரர் அதில் ஏறி இரண்டு தரம் குதித்துப் பார்த்த பிறகுதான் பலகையைத் தொடவிட்டார்.

நுவரெலியா குளத்தங்கரைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது படகு தண்ணீரில் கிடந்தது. தொரையும் விருந்தாளிகளும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். லாரிப் பக்கம் நானா. கண்டாக்கையா ஓடிவந்து என்னை மறித்தார்.

"கெடைச்சிருச்சா? எங்க?"

சொன்னேன். முழுதும் சொன்னேன்.

அவர் திரும்பி நானாவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கடையில கெடந்துச்சு, மீட்டுட்டு வந்தேன்னு மட்டும் சொல்லு. யாரு போட்டதுன்னு ஒனக்குத் தெரியாது. திங்கக்கெழமை பேரு நிச்சயம்."

கண்டாக்கையாவின் மைத்துனரிடமும் ஒரு லாரி இருந்தது. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கலாம்.

தொரையிடம் பலகையைக் கொடுத்தேன். "நாந்தாங்க தொரை ரம்பொடையில சக்கரத்துக்குப் போட்டேன். நானா ஸ்டியரிங்ல இருந்தாரு, அவருக்குத் தெரியாது" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியாது. நல்லவன் என்பதால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் பலகையின் நடுவில் லாரி டயரின் தடம் அப்பட்டமாகப் பதிந்திருந்தது. தொரை அதைப் பார்த்துவிடுவார் என்ற பயம் பாதியாவது இருந்தது. நானாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொரை டயர்த்தடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். படகில் ஏறிப் பலகையைப் பெட்டிக்குள் விட்டார். வழுக்கிக்கொண்டு இறங்கியது. நானாவைப் பார்த்து, "விறகு லோடு வழக்கம்போல" என்றார். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. பாய் காற்றைப் பிடித்தது. நான் விரித்து உலர்த்திய பாய், ஒரு புள்ளி இல்லாமல் இருந்தது.

திங்கட்கிழமை பெரட்டில் நின்றேன். என் பேர் வரவில்லை. "தொரை ஒண்ணும் சொல்லலியேடா" என்றார் கண்டாக்கையா. தொரை மறந்தாரா, மறுத்தாரா, கண்டாக்கையா கேட்கவே இல்லையா, அது இன்றுவரை எனக்குத் தெரியாது. இன்னும் மூன்று திங்கட்கிழமை நின்று பார்த்தேன். பிறகு அக்காவிடம் சொல்லிக்கொண்டு, மாற்றிக் கட்டுகிற சாரத்தைச் சுருட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கினேன்.

லிந்துலைக்குப் போகிற வழியில் நானாவின் லாரி பக்கத்தில் வந்து நின்றது.

"கல்லு வைக்க ஒரு ஆள் வேணும் தம்பி. வாறீங்களா?"

"ஒங்களத்தானே நானா காட்டிக் குடுத்தேன்."

"அதாலதான் கேக்கிறன். மத்தப் பொடியன்மாரு வண்டி ஏறினா நித்திரை. நீங்க எல்லாத்தையும் சந்தேகமாப் பாக்குற ஆள். லாரிக்கு அப்பிடி ஒராள் நல்லது."

அந்தப் பதிலிலும் ஏதோ இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. என்றாலும் போவதற்கு வேறு இடம் இல்லை. போலீஸ் மறித்தால் நானா "என்ட ஆள்" என்பார். அது செல்லுபடியாகிற இடமும் உண்டு, ஆகாத இடமும் உண்டு.

ஏறினேன். சீட்டுக்குப் பின்னால் ஒரு சாக்குமூட்டை இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"கருவாடுதான். அவுத்துப் பாருங்க."

அவிழ்த்தேன். கருவாடுதான். சாக்கின் அடிவரைக்கும் கையை விட்டுப் பார்த்துவிட்டுக் கட்டி வைத்தேன்.